புறநகரில் பஸ்ஸா, ரயிலா, வேறு எதாவதா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போக்குவரத்துத் திட்டம் பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வருவது நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் போட்ட கணக்கை வைத்துத்தான் நிற்கின்றன.

பெரிய நகரத்துல ஓடுற மாதிரியே இங்கேயும் ஓட்டினா என்ன? புறநகர்னா அப்படி என்ன வித்தியாசம்?

பெரிய நகரத்தின் நடுப்பகுதியில் வீடு, கடை, ஆபீஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடைக்குள், ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். புறநகரில் அதே வட்டத்துக்குள் சில நூறு பேர்தான். அது போதாதென்று தெருக்கள் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும், குடியிருப்பைச் சுற்றி மதில் இருக்கும். வரைபடத்தில் நிறுத்தம் 200 மீட்டரில் இருக்கும், நடந்து போனால் ஒரு கிலோமீட்டர். இந்த மாதிரி இடத்தில் எந்த வண்டி வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், மதிலில் ஆள் நடக்க ஒரு வழி விட முடியுமா என்று பார்ப்பது மலிவான வேலை. யாரும் பார்ப்பதில்லை, ரிப்பன் வெட்ட அதில் ஒன்றும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு புறநகரில் பஸ் ஓடவே ஓடாது என்று முடிவுகட்டவும் கூடாது. கனடாவில் டொராண்டோவை ஒட்டி பிராம்ப்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. தனி வீடுகள், அகலமான ரோடுகள், காருக்காகவே கட்டிய ஊர். 2010-ல் முக்கிய ரோடுகளில் ‘சூம்’ என்ற பெயரில் விரைவு பஸ் விட ஆரம்பித்து, மற்ற ரூட்டுகளிலும் டிரிப்புகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அடுத்த பத்து வருடத்தில் மக்கள்தொகை வளர்ந்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் பயணிகள் எண்ணிக்கை வளர்ந்தது. ரோடுகள் நேராக, கட்டம் கட்டமாக இருந்தது அங்கே பெரிய உதவி.

எல்லாரும் பெரிய நகரத்துக்குத்தானே வேலைக்குப் போறாங்க? அங்கே போக ஒரே ஒரு நல்ல லைன் போட்டா போதாதா?

காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை, பக்கத்துப் புறநகரில் உள்ள கிடங்கு வேலை, வயதான அப்பா அம்மாவைப் பார்க்கப் போவது என்று நாள் முழுக்க நடக்கும் பயணங்களில் பெரும்பகுதி உள்ளூருக்குள்ளேயோ பக்கத்து ஊருக்கோதான். காலை மாலை மட்டும் நகரத்துக்கு ஓடும் லைன் இவர்களில் யாருக்கும் உதவாது. இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிகிற நர்ஸுக்கு, காலையில் பஸ் எவ்வளவு அருமையாக ஓடியது என்பதில் என்ன இருக்கிறது? திரும்பி வர வண்டி இல்லையென்றால் அவர் போகும்போதும் பஸ்ஸில் போகமாட்டார்.

நகரத்துக்குப் போகும் லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதுகெலும்பு. கை கால் இல்லாத முதுகெலும்பை வைத்து என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

பஸ் காலியாத்தானே ஓடுது? காலி பஸ்ஸுக்கு எதுக்கு இன்னும் பஸ்?

எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? ரூட்டின் கடைசி நிறுத்தத்தில் எந்த பஸ்ஸும் காலிதான், கடைசி ஆள் இறங்கும் இடம் அது. காலையில் நிரம்பிப் போன பஸ் திரும்பி வரும்போது காலியாகத்தான் வரும், வந்தால்தான் மறுபடி நிரம்பிப் போக முடியும்.

நிஜமாகவே நாள் முழுக்க காலியாக ஓடும் ரூட்டும் உண்டு. அவற்றில் பலவற்றை நீங்கள் எடுத்துப் பார்த்தால் மணிக்கு ஒன்றோ, ஒன்றரை மணிக்கு ஒன்றோ ஓடுபவையாக இருக்கும். மணிக்கு ஒரு பஸ் என்றால் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும்தான் வருவார்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேரம் பார்க்கவே மாட்டார்கள், சும்மா போய் நிற்பார்கள். ஆள் கூடினால் டிரிப் கூடும், டிரிப் கூடினால் எல்லோருக்கும் காத்திருப்பு குறையும், அதனால் இன்னும் ஆள் கூடும். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-ல் இதைக் கணக்காக எழுதியதால் இதற்கு மோரிங் விளைவு என்றே பெயர். கெட்ட சேதி, இந்தச் சக்கரம் பின்னாலும் சுற்றும். ஆள் இல்லை என்று டிரிப்பைக் குறைத்தால், இருந்த ஆளும் போவார்கள், அதைக் காட்டி இன்னும் குறைப்பார்கள்.

அப்போ சின்ன பஸ்ஸா விடலாமே?

இடம் குறுகலான தெருவுக்கு விடலாம். பணம் மிச்சமாகும் என்று நினைத்து விட்டால் ஏமாற்றம்தான். பல நாடுகளில் ஒரு பஸ்ஸை ஒரு மணி நேரம் ஓட்டும் செலவில் பெரிய பங்கு ஓட்டுநர் சம்பளம், சின்ன பஸ்ஸுக்கும் ஒரு ஓட்டுநர்தான் வேண்டும். போதாக்குறைக்கு, நெரிசல் நேரத்தில் அந்தச் சின்ன பஸ் ஆளை ஏற்றாமலே போகும்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடுங்கன்னா அது என்ன அவ்வளவு கஷ்டமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்தத் திட்ட அறிக்கையையும் படிக்கலாம். போக 50 நிமிடம், வர 50 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் (ஓட்டுநரும் மனிதர்தான், தாமதத்தைச் சரிசெய்யவும் அந்த நேரம் வேண்டும்). மொத்தம் 120 நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் 120-ஐ 30-ஆல் வகுத்தால் 4 பஸ். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 12. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை 16 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 192 பஸ்-மணி (ஒரு பஸ் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு பஸ்-மணி). ஒரு ஓட்டுநர் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டுவதாக வைத்தால் 27, 28 பேர், அதுவும் வார விடுமுறைக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் ஆள் சேர்க்காமல். ஒர்க்‌ஷாப்பில் நிற்பதற்கு ஓரிரு பஸ் கூடுதலாக வேண்டும். இதெல்லாம் ஒரே ஒரு ரூட்டுக்கு.

இப்போது அதே ரூட்டில் நெரிசலைத் தாண்ட பஸ்ஸுக்கு வழி செய்துகொடுத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தோம் என்று வையுங்கள். சுற்று 100 நிமிடமாகிறது. பத்து நிமிட இடைவெளிக்கு 10 பஸ் போதும். அந்த இரண்டு பஸ்ஸையும் ஆட்களையும் எடுத்து இன்னொரு ரூட்டில் போடலாம், அல்லது அதே 12 பஸ்ஸையும் ஓட்டி எட்டு நிமிடச் சொச்சத்துக்கு ஒன்று விடலாம். பஸ்ஸை வேகமாக்குவது பயணிக்கு மட்டும் நல்லது இல்லை, அது புது பஸ் வாங்குவதற்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நாலைந்து இடத்தில் திரும்ப வரும்.

எங்க தெரு வழியா போன பஸ்ஸை ஏன் எடுக்கிறீங்க? நாங்க மனுஷங்க இல்லையா?

இந்தக் கேள்விதான் இருப்பதிலேயே நியாயமான கோபம், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். பஸ்-மணி என்பது அளவோடுதான் இருக்கும். அதை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம். ஆள் அதிகம் இருக்கும் சில ரோடுகளில் கொட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மொத்தப் பயணிகள் எண்ணிக்கை ஏறும். எல்லாத் தெருவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் யாருக்கும் ‘பஸ்ஸே இல்லை’ என்ற குறை இருக்காது, ஆனால் மணிக்கு ஒன்றுதான் வரும். இரண்டுமே நல்ல நோக்கம், இரண்டையும் ஒரே பணத்தில் முழுசாகச் செய்ய முடியாது. இது பொறியாளர் தீர்மானிக்கும் விஷயமும் இல்லை. ஊர் தன் மதிப்பீட்டை வைத்து எடுக்க வேண்டிய முடிவு.

அமெரிக்காவில் ஹூஸ்டன் இதை வெளிப்படையாகச் செய்தது. பஸ் செலவில் 80 சதவீதம் ஆளைக் கூட்டுவதற்கு, 20 சதவீதம் எட்டாத இடங்களுக்கு என்று நிர்வாகக் குழு முதலில் முடிவெடுத்தது, அப்புறம்தான் வரைபடம் போட்டார்கள். 2015 ஆகஸ்டில் ஒரே நாள் இரவில் கிட்டத்தட்ட மொத்த பஸ் வலையும் மாறியது. யாரும் இழக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எதற்காக இழந்தார்கள் என்பது எழுத்தில் இருந்தது. பெரும்பாலான ஊர்களில் இந்த விகிதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை, ஒவ்வொரு தெருவாகச் சண்டை போட்டு முடிகிறது, யார் சத்தம் பெரிதோ அவர் தெருவில் பஸ் நிற்கிறது.

எட்டாத இடங்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று விதி வைப்பதும் நல்ல வழிதான். சுவிட்சர்லாந்தின் சூரிச் மாகாணத்தில் குடியிருப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் எல்லாம் சேர்த்து 300 பேர் உள்ள ஊருக்கும் பொதுப் போக்குவரத்து உண்டு என்பது அளவுகோல். அங்கே அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரா போய்க்கிட்டிருந்த பஸ்ஸை நிறுத்திட்டு நடுவுல மாறச் சொல்றது எந்த ஊர் முன்னேற்றம்?

எனக்கும் பஸ் மாறப் பிடிக்காது. ஆனால் பத்துக் குடியிருப்பு, பத்து வேலையிடம் என்று வைத்து, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் நேராக இணைத்தால் நூறு ரூட் வேண்டும். இருக்கும் பஸ்ஸை நூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நாளைக்கு இரண்டு டிரிப். நடுவில் ஒரு சந்திப்பு வைத்தால் இருபது ரூட் போதும், ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு அடிக்கடி ஓடும். நேர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் இரண்டு பஸ்ஸில் மாறிப் போனால் சீக்கிரம் போய்ச்சேரலாம்.

ஆனால் மூன்று நிபந்தனை. மாறுவதற்கு மறுபடி டிக்கெட் எடுக்கச் சொல்லக்கூடாது. மாறும் இடத்தில் கூரை, வெளிச்சம், கழிப்பறை இருக்க வேண்டும், எட்டு லேன் ரோட்டைக் கடந்து ஓட வைக்கக்கூடாது. இரண்டாவது பஸ் அடிக்கடி வர வேண்டும், இல்லையென்றால் முதல் பஸ்ஸோடு நேரம் பொருந்தி வர வேண்டும். தென்கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலை 1 அன்று பஸ்ஸை எல்லாம் நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பிரித்து மாற்றியபோது கட்டணத்தையும் சேர்த்தே மாற்றியது. நடுவில் மாறி ஏறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் காசு. முதல் சில நாட்கள் பெருங்குழப்பம், அப்புறம் பழகிவிட்டார்கள். இந்த மூன்றையும் தயார் செய்யாமல் நேர் பஸ்ஸை மட்டும் நிறுத்துகிறார்கள் என்றால், நீங்கள் எதிர்ப்பது சரி.

அரை மணி நேரமா ஒண்ணும் வராம அப்புறம் மூணு பஸ் ஒண்ணா வருதே, ஓட்டுநருங்க பேசி வெச்சுக்கிட்டு வர்றாங்களா?

இல்லை, பாவம். முதல் பஸ் ஏதோ காரணத்தால் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் நிற்பார்கள், அவர்களை ஏற்ற இன்னும் நேரமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதை விளக்கிவிட்டார்கள். தானாக விட்டால் பஸ்கள் ஒன்றாகத்தான் சேரும், பிரித்து வைப்பதற்குத்தான் வேலை செய்ய வேண்டும். எல்லாக் கதவிலும் ஏற விடுவது, டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்க வைப்பது, நடுவில் ஓரிரு இடத்தில் இடைவெளி பார்த்து நிறுத்தி அனுப்புவது என்று வழிகள் இருக்கின்றன.

பத்து நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே பஸ்கள் இரண்டிரண்டாக வந்தால் பத்து நிமிடம். பஸ் எண்ணிக்கை அதேதான், செலவும் அதேதான், பாதி சேவை காணாமல் போகிறது.

பஸ் எல்லாம் சரி, மெட்ரோ எப்போ வரும்?

வந்தாலும் வரும். ஆனால் ரயில் என்பது நிறைய ஆளை ஒரே கோட்டில் கொண்டுபோவதற்கான கருவி. அந்தக் கோட்டில் அவ்வளவு ஆள் இல்லையென்றால், மேலே போட்ட கணக்கின்படி இடைவெளியை அதிகமாக்குவார்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வந்து நிற்கும். கட்டும் செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பென்ட் ஃபிளைவ்பியர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பல நாடுகளின் திட்டங்களை எடுத்துப் பார்த்ததில், ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக மதிப்பீட்டைவிட 45 சதவீதம் அதிகமாகியிருந்தது. பயணிகள் எண்ணிக்கையோ, பத்துத் திட்டத்தில் ஒன்பதில் கணித்ததைவிடக் குறைவு.

ரயிலா பஸ்ஸா என்று கட்சி கட்டிக்கொள்ளவும் வேண்டாம். பிரேசிலின் குரிச்சிபா 1974-ல் தனித்தடத்தில் பஸ் ஓட்ட ஆரம்பித்தது, அந்தத் தடங்களை ஒட்டியே உயரக் கட்டிடங்களை அனுமதித்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தட பஸ் சேவை, பல மெட்ரோ ரயில்களுக்கு இணையாக ஆள் ஏற்றுகிறது, கூட்டமோ மூச்சு முட்டும். கனடாவின் ஒட்டாவா 1983-லிருந்து பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை கட்டி, அதன் நடுப்பகுதியை 2019-ல் ரயிலாக மாற்றியது. முதல் சில வருடம் அந்த ரயில் அடிக்கடி மக்கர் செய்து விசாரணை ஆணையம் வரை போனது வேறு கதை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ 1992-ல் ஊருக்குள் ஓடும் டிராமையே ஏற்கெனவே இருந்த ரயில் தண்டவாளத்தில் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்கு விட்டது. பழைய ரயில் தடம் சும்மா கிடக்கும் புறநகருக்கு, இவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பஸ்ஸுக்குத் தனி லேன் குடுத்தா காரெல்லாம் எங்கே போகும்?

சிக்னல்கள் உள்ள ரோட்டில் ஒரு லேனில் மணிக்கு 700, 800 கார் போகும். ஒன்றில் ஒன்றேகால் ஆள் என்றால் தோராயமாக ஆயிரம் பேர். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 1,200 பேர். அதனால் மூன்று நிமிட இடைவெளியிலேயே பஸ் லேன், கார் லேனைவிட அதிகம் பேரைக் கொண்டுபோகிறது. பார்ப்பதற்குக் காலியாகத் தெரியும், அதுதான் அதன் தலையெழுத்து. நெரிசல் இல்லாத லேன் காலியாகத்தான் தெரியும்.

இதிலேயே மறுபக்கமும் இருக்கிறது, பஸ் ஆதரவாளர்கள் இதைச் சொல்வதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் ரோட்டில் முழு லேனைக் கேட்பது கஷ்டமான வாதம். அங்கே சந்திப்புக்கு முன்னால் ஐம்பது, நூறு மீட்டருக்கு மட்டும் பஸ் முந்திப்போக வழி, பஸ் வரும்போது பச்சையை ஐந்து விநாடி நீட்டும் சிக்னல், இவை போதும். புறநகரில் தாமதம் பெரும்பாலும் நாலைந்து சந்திப்புகளில்தான் நடக்கிறது, மற்ற இடத்தில் ரோடு காலிதான்.

ரோட்டை அகலப்படுத்தினா பஸ்ஸும் வேகமா போகும், காரும் வேகமா போகும், ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?

கொஞ்ச நாளைக்கு. மேலே சொன்ன அதே ஹூஸ்டனில் கேட்டி விரைவுச்சாலையை 2008-ல் அகலப்படுத்தி முடித்தார்கள், அகலமான இடத்தில் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் 26 லேன். சில வருடத்திலேயே நெரிசல் நேரப் பயணம் பழையபடி நீள ஆரம்பித்தது. ரோடு வேகமாக இருக்கிறது என்றதும் தூரத்தில் வீடு வாங்குகிறார்கள், பஸ்ஸில் போனவர்கள் காருக்கு மாறுகிறார்கள். பஸ்ஸில் ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்பதைக் காலி பஸ் கேள்வியில் பார்த்தோம்.

ஆப்ல கூப்பிட்டா வீட்டுக்கே வர்ற வேன் விடலாமே? இந்தக் காலத்துல யாரு பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க?

வேன் ஒரு வீட்டுக்குப் போய் ஒருவரை ஏற்றி, இன்னொரு தெருவுக்குப் போய் இன்னொருவரை ஏற்றினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியும்? ஆள் அதிகமானால் வேனும் அதே கணக்கில் அதிகமாக வேண்டும். பஸ்ஸில் கூட்டம் சேரச் சேர ஆளுக்கு ஆகும் செலவு குறையும், இதில் குறையாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இப்படி ஒரு வேன் சேவையைக் குட்சுபிளஸ் என்ற பெயரில் 2012-ல் ஆரம்பித்தார்கள், பயன்படுத்தியவர்களுக்குப் பிடித்திருந்தது, செலவு தாங்காமல் 2015 முடிவில் நிறுத்தினார்கள். கனடாவில் இனிஸ்ஃபில் என்ற சிறு நகரம் பஸ்ஸே வேண்டாம் என்று 2017-ல் ஊபர் பயணத்துக்கு மானியம் கொடுத்தது. அது பிரபலமானதுதான் வம்பாகப் போனது. 2019-ல் கட்டணத்தை ஏற்றி, மாதத்துக்கு இத்தனை பயணம்தான் என்று வரம்பு போட வேண்டி வந்தது. ஒரு பஸ் சேவை, ஆள் அதிகம் வருகிறார்கள் என்று வருத்தப்படுவதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கும் இடம் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு, நள்ளிரவுக்கு, நிஜமாகவே ஆள் சிதறிக் கிடக்கும் ஓரங்களுக்கு. எட்டாத இடங்களுக்கு என்று ஒதுக்கிய பங்கிலிருந்து இதை நடத்தலாம், முக்கிய ரூட்டின் பஸ்-மணியைப் பிடுங்கி நடத்தக்கூடாது.

டிரைவர் இல்லாத கார் வரப்போகுதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

ஓட்டுநர் இல்லாவிட்டாலும் கார் பிடிக்கும் இடம் அதே இடம்தான். ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆளை ஏற்றக் காலியாக வேறு ஓடும்.

டிக்கெட்டை இலவசமாக்கிட்டா எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துடுவாங்கதானே?

பஸ்ஸில் ஏற்கெனவே போகிறவர்களில் கையில் காசு இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி, அந்தக் காரணத்துக்காக மட்டுமே செய்தாலும் தப்பில்லை. கார்க்காரர்கள் வருவார்களா என்பது வேறு. எஸ்டோனியாவின் தலைநகர் டாலின் 2013-ல் நகரவாசிகளுக்கு இலவசமாக்கியபோது, கூடுதலாக ஏறியவர்களில் பலர் முன்பு நடந்து போனவர்கள். காரை விட்டவர்கள் கொஞ்சம்தான். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-ல் இலவசமாக்கி, பயணிகள் பல மடங்கு கூடியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே சமயம் பஸ் ரூட்டுகளையும் அவர்கள் பெருக்கினார்கள் என்பதை விட்டுவிடுவார்கள், 2013-ல் செலவு காரணமாகப் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி கட்டணம் வந்ததையும் விட்டுவிடுவார்கள்.

கேட்க வேண்டியது, மொத்தச் செலவில் டிக்கெட் காசு எவ்வளவு என்பது. லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க இலவசமாக்கியது, அங்கே டிக்கெட் வருமானம் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, விட்டுக்கொடுப்பது சுலபம். செலவில் பாதி டிக்கெட்டிலிருந்து வரும் ஊரில், வேறு யாராவது அந்தப் பணத்தைத் தராமல் இலவசமாக்கினால் பாதி பஸ்-மணி போய்விடும். மணிக்கு ஒருமுறை வரும் இலவச பஸ்ஸா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கட்டண பஸ்ஸா என்று கேட்டால் பஸ்ஸில் போகிறவர்கள் எதைக் கேட்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லாத்தையும் எலக்ட்ரிக் பஸ்ஸா மாத்தினா பிரச்சினை தீர்ந்துச்சா?

புகையும் சத்தமும் தீரும். சீனாவின் ஷென்ஜென் 2017 முடிவுக்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டிவிட்டது. ஆனால் நெரிசலில் நிற்கும் மின்சார பஸ்ஸும் நின்றுகொண்டுதான் இருக்கும். கவனிக்க வேண்டியது இன்னொன்று, சார்ஜ் ஏற்ற நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் அதே இடைவெளிக்கு அதிக பஸ் வேண்டும், 120 நிமிடக் கணக்கில் அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன்ல பெரிய பார்க்கிங் கட்டினா கார்ல வந்து ரயில் ஏறுவாங்களே?

ஏறுவார்கள், எத்தனை பேர்? ஒரு காருக்கு, உள்ளே போக வர வழி எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். 600 காருக்கு 18,000 சதுர மீட்டர். காலை எட்டரைக்குள் நிரம்பிவிடும், அதற்கப்புறம் ஒரு காருக்கும் இடமில்லை. ஆக, ஸ்டேஷன் வாசலில் உள்ள ஊரின் ஆக அருமையான நிலத்தில் ஒரு ரயிலை நிரப்பும் அளவுக்குத்தான் ஆள் வருகிறார்கள். அதே இடத்தில் வீடும் கடையும் இருந்தால் நாள் முழுக்க, இரண்டு திசையிலும் ஆள் ஏறுவார்கள். கடைசி ஸ்டேஷனில், சுற்றிலும் வயலும் காடுமாக இருக்கும் இடத்தில் பார்க்கிங் கட்டுங்கள், அங்கே பொருந்தும்.

வீடு கட்டுறதுக்கும் பஸ் ஓட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் போக்குவரத்துத் திட்டத்துல மாடிக் கணக்கெல்லாம் பேசுறீங்க?

முதல் கேள்வியில் சொன்ன 400 மீட்டர் வட்டத்துக்குள் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது பஸ் துறை இல்லை, கட்டிட அனுமதி தரும் துறை. இருவரும் ஒரே கட்டிடத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் கவுன்டி நல்ல பாடம். மெட்ரோவை விரைவுச்சாலையின் நடுவில் போடுவதுதான் மலிவு, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆர்லிங்டன், தன் பழைய கடைத்தெருவுக்கு அடியில் சுரங்கமாகப் போகட்டும் என்று அடம்பிடித்து, கூடுதல் செலவிலும் பங்கேற்று, 1979-ல் தன் எல்லைக்குள் இருக்கும் பால்ஸ்டன் பகுதி வரை மெட்ரோவை வாங்கிக்கொண்டது. கூடவே ஒரு விதி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உயரக் கட்டிடம், தள்ளிப்போகப் போக உயரம் குறைந்து, சில தெரு தாண்டினால் பழைய தனி வீடுகள் அப்படியே. ஊர் முழுக்க மாறவில்லை, ஒரு பட்டை மட்டும் மாறியது. விரைவுச்சாலை நடுவே ஸ்டேஷன் வைத்திருந்தால் சுற்றியுள்ள வட்டத்தில் பாதி ரோடாகவே போயிருக்கும். கோபன்ஹேகன் 1947-லேயே, ரயில் தடங்களை விரல்களாக வைத்து, ஊர் விரல் வழியே வளரட்டும், விரலிடுக்கில் பசுமை இருக்கட்டும் என்று திட்டம் போட்டது.

அப்படி ஸ்டேஷன் வந்தா வாடகை ஏறி, பஸ்ஸை நம்பி இருக்கிறவங்களைத்தானே முதல்ல விரட்டும்?

ஆமாம், நடக்கும். இதற்கு என்னிடம் சுகமான பதில் இல்லை. தடம் அறிவிப்பதற்கு முன்னாலேயே நிலம் வாங்கி வைப்பது, புதுக் கட்டிடத்தில் இத்தனை பங்கு குறைந்த வாடகைக்கு என்று விதி வைப்பது, அரசு நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவது, எல்லாமே அறிவிப்புக்கு முன்னால் செய்தால்தான் வேலை செய்யும். அறிவித்துவிட்டு யோசித்தால் நிலம் கைமாறியிருக்கும். இன்னொன்று, ஒரே ஒரு நல்ல லைன் மட்டும் இருந்தால் எல்லோரும் அதன் பக்கத்தில்தான் முண்டியடிப்பார்கள். பத்து நிமிட பஸ் ஓடும் ரோடு ஊரில் பத்து இருந்தால், எந்த ஒரு தெருவுக்கும் அவ்வளவு கிராக்கி இருக்காது. பஸ் ரூட்டை நாளைக்கே மாற்றலாம் என்பதால் அதை நம்பி யாரும் நிலம் வாங்குவதில்லை என்பார்கள். வாடகைக்கு இருப்பவர் கோணத்தில் அது குறையா நிறையா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இருபது வருஷம் கழிச்சு இவ்வளவு பேர் வருவாங்கன்னு போட்டிருக்காங்களே, அதை எப்படி நம்புறது?

எண்ணை நம்ப வேண்டாம், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அனுமானத்தைக் கேளுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என்று வைத்தார்கள், ஸ்டேஷனைச் சுற்றி எத்தனை வீடு வரும் என்று வைத்தார்கள், அந்த வீடுகளுக்கு இன்றைய விதிப்படி அனுமதி கிடைக்குமா? பல அறிக்கைகளில் மூன்றாவது கேள்வியிலேயே கதை முடிந்துவிடும். கணிப்பு தப்பினாலும் வீணாகாத வேலைகள் முதலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்: நடைபாதை, சந்திப்பில் பஸ்ஸுக்கு வழி, ஒரே டிக்கெட், எதிர்காலத் தடத்துக்கான நிலத்தைக் கட்டிடம் வராமல் காத்து வைப்பது. கடைசியாகச் சொன்னதுக்கு இன்றைக்கு ஆகும் செலவு கொஞ்சம், இருபது வருடம் கழித்து அதைச் செய்ய முடியாது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. மூணு நிமிஷம்தான் பேச விடுவாங்க. என்ன கேட்கட்டும்?

மூன்று நிமிடம் தாராளம். ‘இந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கும், இரவு பத்து மணிக்கும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும்? அதற்கு ஆகும் பஸ்-மணிக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?’ என்று கேட்டுவிட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். கட்டுவதற்கான பணத்தைப் பற்றி அறிக்கையில் நாற்பது பக்கம் இருக்கும், ஓட்டுவதற்கான பணத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியை முதல் நாள் ராத்திரியே தேடிப் படித்துவிட்டுப் போங்கள், பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு.